சொம்பில் இறங்கிய விமானம்

நவம்பர் 7, வியாழன். சூரசம்ஹாரம்

கூரியர் கவர் வந்த நேரம் காலை 11.10. அப்போது வீட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், தயிருக்கு உறை கேட்டு வந்த மேல்வீட்டு உமாதேவி, பூஜை அறையில் வள்ளி தெய்வானையோடு முருகன். கூரியர்க்காரர் வாசற்படியைத் தாண்டவில்லை, அதனால் அவரைச் சேர்க்கவில்லை. உமாதேவி உறையை வாங்கிக்கொண்டு, கவரைப் பிரிக்கும் முன்பே போய்விட்டாள். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது என்றுதான் இதை எழுதி வைக்கிறேன்.

கவருக்குள் ஒரே ஒரு தாள், நோட்டுப் புத்தகத்தில் பாதிப் பக்கம் இருக்கும். இதற்காகத்தான் இவர் மூன்று வாரமாக கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டிக்கர் என்று சொன்னால் கோபம் வரும், டெக்கால் என்று சொல்ல வேண்டும். இவர் செய்கிற மிக்-21 விமானப் பொம்மை ஒரு முழம் நீளம். பொம்மை என்றாலும் கோபம் வரும். அது வருகிற வெளிநாட்டுப் பெட்டியில் வெளிநாட்டுச் சின்னங்கள்தான் இருக்குமாம். நம்முடைய காவி வெள்ளை பச்சை வட்டமும், இவர் விமானப்படையில் இருந்தபோது பராமரித்த விமானத்தின் 2718 என்ற எண்ணும் வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும். ஓசூரில் தனராஜ் என்பவர் அச்சடித்துக் கொடுக்கிறார்.

அந்த விமானத்தை ஓட்டியவர் சாக்கோ சார். டிசம்பர் 1ஆம் தேதி பெங்களூரில் அவருக்கு எண்பத்தெட்டாவது பிறந்தநாள். போன வருடம் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏகாம்பரம், கண்ணு முழுசாப் போறதுக்குள்ள ஒரு தடவை அவளைப் பார்க்கணும்" என்றாராம். இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். 'அவள்' என்றது விமானத்தை. இவரும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறார். "அவளுக்கு இன்னிக்கு ரெண்டாவது கோட்டிங் அடிக்கணும்." "அவ மேல காத்து படக்கூடாது, ஃபேனை அணை." எனக்கு இதில் ஒன்றும் இல்லை.

தாளில் மொத்தம் 83 படம் என்றார். நான் எண்ணியதில் 84. பூதக்கண்ணாடி வைத்து அவரும் எண்ணினார். 84.

நம் வீட்டில் எந்தப் புதுப் பொருளும் முதலில் முருகன் பாதத்துக்குத்தான் போகும். ஃபிரிட்ஜ் வந்தபோது அது போக முடியாததால் முருகன் வந்தார். "கசங்காம வை திலகம்" என்று தாளைக் கொடுத்துவிட்டு இவர் குளிக்கப் போனார்.

ஆறாம் நாள் விரதம். தலை கொஞ்சம் சுற்றியது. தாளைத் தாம்பாளத்தில் வைத்து, அபிஷேகம் முடித்து, தீர்த்தம் தெளித்தேன். சஷ்டியன்று வந்த பொருளுக்குத் தெளிக்காமல் இருக்க முடியுமா? கூட இரண்டு கை தாராளமாகவே தெளித்தேன்.

தாள் தண்ணீரைக் குடித்தது. அடடா என்று முந்தானையால் ஒற்றினேன். வட்டம் பாலாடை மாதிரி நகர்ந்தது. பிடிக்கப் போனால் இன்னும் நகர்ந்தது. பக்கத்தில் செப்புச் சொம்பு ஈரமாக இருந்தது. அதன் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. 2718 தாம்பாளத்தில் மிதந்தது. அது மட்டும் அநாதையாகப் போக வேண்டாமே என்று விரலால் ஏந்தி வட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது, சரி செய்தேன். பஞ்சால் ஒற்றிக் காற்றுக்குமிழை எடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கணக்கு: சொம்பில் 2. சுருண்டு உளுத்தந்தோல் மாதிரி ஆனவை 9. அவற்றில்தான் மற்ற ஐந்து வட்டமும் இன்னொரு 2718-ம். தாளிலேயே நனையாமல் தப்பியவை 72, எல்லாம் கடுகு எழுத்து. காணவில்லை 1. தாளைக் கவருக்குள் போட்டுக் கவரை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. விரதத்தன்று மனஸ்தாபம் கூடாது.

நவம்பர் 8, வெள்ளி

திருக்கல்யாணப் பிரசாதம் வாங்க உமாதேவி வந்தாள். வந்தவள் பூஜை அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, என்னது இது சொம்புல, மூணு வர்ணத்துல சக்கரம்?"

"நேத்து வந்துச்சு."

"யாரு வரைஞ்சா?"

"யாரும் வரையல."

"சஷ்டியன்னிக்கா?"

"அபிஷேகம் பண்ணும்போது."

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. மறுபடி மறுபடி யோசித்துப் பார்த்துவிட்டேன். உமாதேவி கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிரசாதத்தை மறந்துவிட்டு ஓடினாள். மதியத்துக்குள் வந்து போனவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் பக்கத்து பிளாக். இவர் பால்கனியில் விமானத்துக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்ன, இன்னிக்குக் கூட்டமா இருக்கு?" என்றார். திருக்கல்யாணம் என்றேன். அதுவும் உண்மை.

நவம்பர் 10, ஞாயிறு

துணி உலர்த்துகிற சாக்கில் மாடிக்குப் போய், கவரில் இருந்த நம்பரைப் பார்த்து ஓசூர் தனராஜுக்குப் போன் செய்தேன்.

"சார், உங்க தாள் தண்ணி பட்டதும் கழண்டு வந்துடுச்சு."

"அப்படித்தாம்மா வரணும். அதுக்குத்தான் செஞ்சிருக்கேன்."

"வேற ஒரு பொருள் மேல ஒட்டிக்கிச்சு."

"எந்தப் பொருள்?"

"சொம்பு."

"காஞ்சிடுச்சாம்மா?" என்றார். மூன்று நாள் ஆகிறது என்றேன். "அப்ப அவ்ளோதான். உரிச்சீங்கன்னா தூளாத்தான் வரும்." வேறு தாள் கேட்டேன். வெள்ளை மை தீர்ந்துவிட்டதாம், டிசம்பர் பாதியில்தான் வருமாம். ஒன்றாம் தேதிக்கு வேண்டும் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். "வெள்ளை இல்லாம நம்ம வட்டம் எப்படிம்மா போடறது, நடுவுல ஓட்டையா வரும்" என்றார். நியாயம்தான்.

கடைசியில் கேட்டார். "சொம்புல குமிழ் இல்லாம உக்காந்துச்சாம்மா?" ஒன்றுகூட இல்லை என்றேன். "வளைஞ்ச இடத்துல அது கஷ்டம்மா" என்றார். நல்ல மனிதர்.

நவம்பர் 13, புதன்

விஷயம் கை மீறிவிட்டது. நம் பிளாக் லிஃப்ட் ஆயுதபூஜைக்கு மறுநாள் நின்றது, இன்னும் ஓடவில்லை. இன்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் சொம்பைத் தரிசிக்க வந்தார். உமாதேவி அவரை விடவில்லை.

"நம்பரைப் பார்த்தீங்களா சார்? ரெண்டு, ஏழு, ஒண்ணு, எட்டு. இருபத்தேழாந்தேதி, பதினெட்டு மணி."

"பதினெட்டு மணின்னா?"

"சாயங்காலம் ஆறு. லிஃப்ட் ஓடப்போற நேரம். சாமியே தேதி குறிச்சிடுச்சு, நீங்கதான் ஒரு மாசமா குறிக்க மாட்டேங்கறீங்க."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் சொம்பைப் பார்த்தேன். உமாதேவிக்கு முட்டிவலி, அவள் இருப்பது நாலாவது மாடி. அவர் வெளியே போய் மெக்கானிக்குக்குப் போன் செய்வது கேட்டது.

நவம்பர் 16, சனி. கார்த்திகை முதல் நாள்

இவர் தாளைக் கேட்டார். வெள்ளிப் பூச்சு காய்ந்துவிட்டதாம். "முருகன்கிட்ட இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுங்க" என்றேன்.

"சரி" என்றார்.

கல்யாணமான முப்பத்தொன்பது வருடத்தில் ஒரே தடவையில் சரி என்றது இதுதான். அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

நவம்பர் 19, செவ்வாய்

சொம்பைப் புளி போட்டுத் துலக்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கறுத்துக்கொண்டு வருகிறது. அதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது.

நவம்பர் 21, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

உமாதேவி வந்து, "என்ன அண்ணா, ஊரே வந்து பார்க்குது, வீட்டுக்காரர் நீங்க பார்க்கலன்னா எப்படி" என்று இவர் கையைப் பிடித்து பூஜை அறைக்குக் கூட்டி வந்துவிட்டாள். நான் சுவரோடு சுவராக நின்றேன். இவர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். சொம்பருகே குனிந்தார். அரை நிமிடம், ஒரு நிமிடம். பிறகு நிமிர்ந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒரு மயிரிழை இடது பக்கம் சாஞ்சிருக்கு" என்றார்.

"தெய்வம் இருக்கிற பக்கம் சாஞ்சிருக்கு அண்ணா" என்றாள் உமாதேவி.

அவள் போன பிறகு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "ஏங்க, நான்தான். தீர்த்தம் தெளிச்சேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"எட்டாந்தேதிலேர்ந்து. உன் முழங்கையில 'மிதிக்காதே'ன்னு இங்கிலீஷ்ல ஒட்டிக்கிட்டிருந்துச்சு. இறக்கை மேல ஒட்ட வேண்டியது. மூணு நாள் அப்படியே சுத்துன. முதல் நாள் எனக்குத்தான் ஏதோ எச்சரிக்கை போலன்னு நினைச்சேன்."

காணாமல் போன 1 கணக்கில் வந்துவிட்டது.

"அப்பவே கேக்கறதுதானே?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். ஓசூருக்கும் போன் பண்ணேன். அவன் எடுத்ததுமே, 'சொம்பு வீடுங்களா'ங்கறான்."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் பால்கனிக்குப் போய் விமானத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். காபி கொண்டு போனேன். "எல்லா விமானமும் ஒண்ணு போலத்தான் இருக்கும் திலகம். நம்பர்தான் பேரு. பேரில்லாம கொண்டு போய், இதுதான் சார் அவள்னு எப்படிச் சொல்றது?" என்றார். "அடுத்த வருஷம் குடுக்கலாம்னா, அடுத்த வருஷம் அவருக்குக் கண்ணு இருக்காது."

காபி ஆறிப்போய்த் திரும்பி வந்தது. சுட வைத்துக் கொடுத்தேன், அதுவும் ஆறிப்போனது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 23, சனி

தப்பிய 72-ஐயும் விமானத்தில் ஒட்டினோம். ஒட்டினோம் என்று எழுதுகிறேன், ஏனென்றால் அறுபதாவதுக்கு மேல் இவர் கை நடுங்க ஆரம்பித்தது. மீதிப் பன்னிரண்டை நான்தான் நகர்த்தி வைத்தேன். இவர் மூச்சு விடாமல் பார்த்தார். "எங்க கத்துக்கிட்ட?" என்றார். சொம்பில் என்றேன்.

இப்போது அதில் எரிபொருள் இங்கே, மிதிக்காதே அங்கே என்று எல்லாம் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை.

நவம்பர் 27, புதன்

சாயங்காலம் ஐந்தரைக்கே கீழ்த்தளத்தில் நாற்பத்தாறு பேர். சொம்பை மாலை போட்டு மரப்பலகையில் வைத்திருந்தார்கள். முருகன் பெயரில் இனியும் இது தொடரக்கூடாது என்று இரண்டு நாளாக வேண்டிக்கொண்டு முடிவு செய்திருந்தேன். ஐந்து ஐம்பத்தைந்துக்கு எல்லார் முன்னாலும் போய் நின்றேன்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். இது அதிசயம் இல்ல. இவரோட பொம்மை விமானத்துக்கு வந்த ஸ்டிக்கர். தண்ணி பட்டு சொம்புல ஒட்டிக்கிச்சு. நம்பரைப் பக்கத்துல வச்சது நான்."

பொம்மை, ஸ்டிக்கர் இரண்டையும் சொல்லிவிட்டேன். இவருக்குக் கோபம் வரவில்லை.

"பார்த்தீங்களா அடக்கத்தை?" என்றாள் உமாதேவி. "நானா இருந்தா உண்டியல் வச்சிருப்பேன்."

"உமா, நிஜமாத்தான் சொல்றேன். ஓசூர்லேர்ந்து வந்தது."

"முருகன் ஓசூர்லேர்ந்து அனுப்பக் கூடாதா அக்கா?"

நான் பதில் யோசிப்பதற்குள் லிஃப்டில் விளக்கு எரிந்தது. மெக்கானிக் கதவைத் திறந்தார். மணி ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது, செயலாளர் அவரை இரண்டு நிமிடம் நிற்க வைத்தார். ஆறுக்கு உமாதேவி ஏறினாள், நாலாவது மாடியிலிருந்து கீழே எட்டிப் பார்த்து ஓவென்று கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

இவர் நாளை பெங்களூருக்குத் தனியாகப் போவதாக இருந்தது. நானும் வருகிறேன் என்றேன்.

"நீ எதுக்கு?"

"தப்பு பண்ணது நான். உங்க சார்கிட்ட நானே சொல்றேன். நீங்க அவர் முன்னாடி தலை குனிஞ்சு நிக்க வேணாம்."

சொன்னால் நம்ப வேண்டும். இங்கே நாற்பத்தாறு பேர் நம்பவில்லை. அதனால் சாட்சிக்குச் சொம்பையும் எடுத்துக்கொள்கிறேன். உமாதேவியிடம் மூன்று நாள் தவணை கேட்க வேண்டியிருந்தது, என் சொம்புக்கு! திங்கட்கிழமை திரும்பி வர வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

டிசம்பர் 1, ஞாயிறு. பெங்களூர்

சாக்கோ சார் மகள் வீட்டு ஹால். பழைய விமானப்படைக்காரர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் எழுபதுக்கு மேல். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவருக்கும் காது சரியாகக் கேட்காது.

இவர் பெட்டியைத் திறந்து விமானத்தை மேசையில் வைத்தார். சத்தம் அடங்கியது. சார் எழுந்து வந்தார். நல்ல உயரம். கண்ணுக்கு நாலு விரல் தூரத்தில் பிடித்தால்தான் அவருக்கு எதுவும் தெரியுமாம். விமானத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணருகே கொண்டு போனார். அதற்கு மூக்கில் ஊசி மாதிரி நீளமாக ஒன்று இருக்கிறது. "அப்பச்சா, கண்ணு!" என்று மகள் அலறினார். சார் விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பினார், இறக்கை மூக்கில் இடித்தது. வாலைத் திருப்பினார், அது நெற்றியில் இடித்தது.

"நம்பர் எங்கே ஏகாம்பரம்?"

இவர் பரேடில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார்.

நான் துணிப்பையோடு முன்னால் போனேன். நேற்று முழுக்க ரயிலில் ஒத்திகை பார்த்த மன்னிப்பு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "சார், நம்பர் என்கிட்ட இருக்கு" என்று சொம்பைக் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் தடவிப் பார்த்தார். கண்ணருகே கொண்டு போனார். சொம்புக்கு ஊசியும் இல்லை, இறக்கையும் இல்லை. இமை படுகிற அளவுக்குப் போனது. மெதுவாகத் திருப்பினார்.

"ரெண்டு" என்றார். "ஏழு." கொஞ்சம் நிறுத்தி, "ஒண்ணு. எட்டு."

தீர்த்தம் தெளித்த கதையை நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலிருந்து இவர்தான் எடுத்து முடித்தார். முழங்கை வரைக்கும் விடாமல் சொன்னார். சார் கேட்டுக்கொண்டே சொம்பின் வயிற்றைத் தடவினார்.

"அது சரி ஏகாம்பரம். இவளுக்கு எப்போ இப்படித் தொந்தி வச்சுது?"

ஹால் வெடித்தது. ஒருவருக்குப் பல் செட் கழன்று விழுந்தது. சார் சிரித்துக்கொண்டே இருந்தார், கன்னமெல்லாம் ஈரம். மகள் கைக்குட்டை கொடுத்தார், அவர் வாங்கவில்லை. கை இரண்டிலும் சொம்பு இருந்தது. அதற்குப் பிறகு அதைக் கீழேயே வைக்கவில்லை. கேக் வெட்டும்போதும் இடது கக்கத்தில்தான் இருந்தது. ஒரு பெரியவர் ஏதோ ஒரு பாட்டிலைச் சொம்பின் வாய்க்கு நேராகக் கொண்டு வந்தார். நான் பார்த்தேன். பாட்டில் திரும்பிப் போய்விட்டது.

விமானத்தை ஷோகேஸில் வைத்தாயிற்று. சொம்பைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உமாதேவிக்கு என்ன சொல்வது என்று தெரியாது.

திரும்பி வரும்போது ரயிலில் இவர், "அவரு அவளைப் பார்த்துட்டாரு திலகம்" என்றார். அரக்கோணம் தாண்டும்வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஓசூருக்கு எழுதி அனுப்பிய கடிதத்தின் நகல்:

திரு. தனராஜ் அவர்களுக்கு, கிழக்குத் தாம்பரம் திலகவதி ஏகாம்பரம் எழுதுவது. நலம். நான் முன்பு போனில் பேசிய சொம்பு வீட்டுக்காரி.

எங்களுக்கு 2718 முழுத் தாள் ஒன்று மறுபடியும் வேண்டும். அது விமானத்துக்கு. என் வீட்டுக்காரர் பெங்களூர் போய் ஒட்டி வருவார், நானும் கூடப் போவேன். இது தவிர, பிறந்தநாளுக்கு வந்திருந்த ஆறு பேரும் அவரவர் விமானத்தின் எண்ணைச் சொம்பில் கேட்கிறார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுதான் வசதி என்கிறார்கள். ஆறு எண்களையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். ஒருவர் தம் எண்ணை இரண்டு விதமாகச் சொல்கிறார், இரண்டையும் அச்சடித்துவிடுங்கள். சொம்புகளை நான் காஞ்சிபுரத்தில் வாங்கிக்கொள்கிறேன், ஒட்டுவதும் நான்தான்.

இவற்றோடு இன்னொரு வட்டமும் 2718 என்ற எண்ணும் அவசரமாகத் தேவை. அது எங்கள் குடியிருப்புக்கு. பழைய சொம்பு வராது என்று நேற்று சொன்னேன். இன்று காலை லிஃப்ட் நின்றுவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கும் உங்களுக்கும் தெரியும். மேல்வீட்டு உமாதேவிக்குத் தெரியவில்லை. அவள் இப்போது எங்கள் வீட்டிலேயேதான் உட்கார்ந்திருக்கிறாள், மாடி ஏற மாட்டாளாம்.

ஒரு யோசனையும் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் கவரின் மேல் எச்சரிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. 'தீர்த்தம் தெளிக்கக் கூடாது' என்று தமிழில் ஒரு வரி போட்டால் பல குடும்பங்களுக்கு உபகாரமாக இருக்கும்.

வெள்ளை மை வந்துவிட்டதா, எந்தத் தேதியில் அனுப்ப முடியும் என்று இந்த வாரத்துக்குள் பதில் எழுதவும்.